மாநிலங்களின் மாநாடா, காங்கிரஸா: அமெரிக்க அரசியலமைப்பைத் திருத்த எந்த வழி?

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் முன்னால், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தீர்மானம் ஒரு தடவையாவது வந்திருக்க வாய்ப்பு அதிகம். நீளமானதல்ல. அரசியலமைப்பின் ஐந்தாவது பிரிவின்படி ஒரு மாநாட்டைக் கூட்டும்படி எங்கள் மாநிலம் காங்கிரஸிடம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திடம், விண்ணப்பிக்கிறது என்பது அதன் சாரம். மாநாட்டில் பேச மூன்று தலைப்புகள்: மத்திய அரசின் செலவுக்குக் கடிவாளம், மத்திய அரசின் அதிகாரத்துக்கும் ஆளுகைக்கும் வரம்பு, அதன் அதிகாரிகளுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் பதவிக்கால வரம்பு. அதிகாரி என்ற சொல்லுக்குள் நீதிபதிகளும் வருவார்கள் என்பது இயக்கத்தாரின் விளக்கம்.

ஆதரிப்பதா, எதிர்ப்பதா, இதே நோக்கத்துக்கு வேறு வழி தேடுவதா? அந்த உறுப்பினரின் இடத்தில் நின்று இருக்கிற வழிகளைப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று தலைப்புத் தீர்மானத்துக்கு நான் கை தூக்க மாட்டேன். ஆனால் மாநாடு என்ற வழிக்கே நான் எதிரி அல்ல. அதை வைத்துப் பூச்சாண்டி காட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

தீர்மானத்தின் பின்னால் இருப்பவர்

இதற்குச் சட்ட வாதம் கட்டித் தந்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஃபாரிஸ் என்ற வழக்கறிஞர். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்காக 1983-இல் ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். 1993-இல் வர்ஜீனியாவின் துணை ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். 2000-இல் அதே மாநிலத்தில் பேட்ரிக் ஹென்றி கல்லூரியை நிறுவினார். பெயரைக் கவனியுங்கள்: புதிய அரசியலமைப்பின்படி அரசு அமைவதற்கு முன்பே, 1788-இல், அதைத் திருத்த இன்னொரு மாநாடு வேண்டும் என்று வர்ஜீனியாவை விண்ணப்பிக்க வைத்தவர் அந்த ஹென்றிதான்.

2013-இல், மத்திய அரசின் வரியையும் செலவையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கறிஞரான மார்க் மெக்லருடன் சேர்ந்து ஃபாரிஸ் ‘மாநிலங்களின் மாநாடு’ இயக்கத்தைத் தொடங்கினார். 2014 மார்ச்சில் ஜார்ஜியா முதலில் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் ஃப்ளோரிடாவும் அலாஸ்காவும் சேர்ந்தன. 2022 மார்ச்சில் தென் கரோலினா 19-ஆவதாக வந்தது. தேவை 34.

ஐந்தாவது பிரிவு சொல்வது இதுதான். திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழிகள். காங்கிரஸின் இரு அவைகளும் (பிரதிநிதிகள் சபை, செனட்) மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு முன்மொழியலாம். அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், அதாவது 34, விண்ணப்பித்தால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்ட வேண்டும். அந்த மாநாடு முன்மொழியும். எந்த வழியில் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38, ஒப்புதல் தந்தால்தான் திருத்தம் செல்லும். குடியரசுத் தலைவரின் கையெழுத்து தேவையில்லை என்பது 1798-லேயே முடிவான விஷயம்.

இந்தியாவில் 368-ஆவது பிரிவு, திருத்தத்தைத் தொடங்கும் உரிமையை நாடாளுமன்றத்துக்கு மட்டும் தருகிறது; சில வகைத் திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கா தொடங்கும் உரிமையையே மாநிலங்களுக்கும் தந்திருக்கிறது. ஆனால் இதுவரை வந்த 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவை. இரண்டாவது வழியில் ஒருவரும் இன்றுவரை போய்ச் சேரவில்லை.

ஃபாரிஸின் வாதம் எங்கே வலுவாக இருக்கிறது

1787 செப்டம்பர் 15, பிலடெல்பியா. அரசியலமைப்பை எழுதிய மாநாடு முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அதுவரை இருந்த வரைவில் திருத்தங்களை முன்மொழியும் வேலை காங்கிரஸ் கையில்தான் இருந்தது. மாநிலங்கள் கேட்கலாம், எழுதித் தருவது காங்கிரஸ். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்தார். அரசே ஒடுக்குமுறை அரசாக மாறிவிட்டால், இந்த முறையில் மக்களுக்கு உருப்படியான திருத்தம் ஒன்றுகூடக் கிடைக்காது என்பது அவர் வாதம். மாநிலங்கள் கேட்டால் மாநாடு கூட்ட வேண்டும் என்ற திருத்தத்தை கவர்னர் மாரிஸும் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவியல்ல) எல்பிரிட்ஜ் கெரியும் கொண்டுவந்தார்கள், ஒருவரும் எதிர்க்கவில்லை. ஜேம்ஸ் மேடிசன் மட்டும், மாநாட்டின் அமைப்பு எப்படி, குறைந்தபட்ச வருகை எவ்வளவு போன்ற சிக்கல்கள் வரலாம் என்று குறித்துவைத்தார். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது மேசனும் போடவில்லை, கெரியும் போடவில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் இந்த ஒரு வாக்கியத்துக்குக் காரணமானவர்களில் இருவர் அந்த ஆவணத்தையே ஏற்கவில்லை.

ஃபாரிஸ் நிற்பது மேசனின் தரையில். தன் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்தைக் காங்கிரஸ் தானே முன்மொழியும் என்று எதிர்பார்ப்பது வீண். பதவிக்கால வரம்பை அதே பதவியில் இருப்பவர்கள் கொண்டுவர மாட்டார்கள். இதை மறுப்பது கடினம். 1995-இல் பிரதிநிதிகள் சபையில் பதவிக்கால வரம்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 227, எதிர்ப்பு 204. பெரும்பான்மை கிடைத்தது, வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆர்கன்சாஸ் வழக்கில், மாநிலங்கள் தாமாகத் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு விதிக்க முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 23 மாநிலங்களில் இருந்த விதிகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. பியூ ஆய்வு மையத்தின் 2023 கருத்துக்கணிப்பில் 87 சதவீதம் பேர் காங்கிரஸுக்குப் பதவிக்கால வரம்பு வேண்டும் என்றார்கள். இவ்வளவு பேர் கேட்டும் நகராத ஒரு விஷயத்துக்கு வேறு வாசல் வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால், அதைக் கேட்கத்தான் வேண்டும்.

கட்டவிழ்ந்து ஓடும் மாநாடு என்ற பயம்

எதிர்ப்பாளர்கள் முதலில் கையில் எடுப்பது இந்தப் பயத்தைத்தான். ஒரு தடவை மாநாடு கூடிவிட்டால் அது என்ன செய்யும் என்று யாரும் கட்டுப்படுத்த முடியாது. பேச்சுச் சுதந்திரம் முதல் துப்பாக்கி உரிமை வரை எல்லாமே மேசைக்கு வரும். இந்தப் பயம் கட்சி பார்ப்பதில்லை. வலதுசாரி ஜான் பர்ச் சங்கமும் இதைச் சொல்கிறது, தாராளவாதிகளின் காமன் காஸ் அமைப்பும் சொல்கிறது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1988-இல் பழமைவாத ஆர்வலர் ஃபிலிஸ் ஷ்லாஃப்லிக்கு எழுதிய கடிதத்தில், மாநாட்டைக் கட்டுப்படுத்தப் பயனுள்ள வழி எதுவும் கிடையாது என்றார். நீதிபதி அன்டோனின் ஸ்காலியா 1979-இல், நீதிபதியாகும் முன், மாநாட்டுக்கு ஆதரவாகப் பேசியவர். 2014-இல் கேட்டபோது, அதிலிருந்து என்ன வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும், வேண்டவே வேண்டாம் என்றார்.

எல்லோரும் காட்டும் முன்னுதாரணம் 1787. பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவது ஒன்றே நோக்கம் என்று காங்கிரஸ் 1787 பிப்ரவரி 21-இல் தீர்மானம் போட்டது. கூடியவர்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எழுதினார்கள். 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை 9 போதும் என்று மாற்றினார்கள்.

ஃபாரிஸ் இதைத்தான் நேராக எதிர்கொள்கிறார், அவருடைய வழக்கறிஞர் மூளை இங்கேதான் நன்றாக வேலை செய்கிறது. பிரதிநிதிகளுக்கு அதிகாரம் தந்தது காங்கிரஸ் அல்ல, அவரவர் மாநிலம் என்கிறார். காங்கிரஸ் தீர்மானம் வருவதற்கு முன்பே, 1786-லேயே, வர்ஜீனியாவும் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் ஆள் அனுப்ப முடிவு செய்துவிட்டன. பெரும்பாலான மாநிலங்கள் தந்த அதிகாரப் பத்திரங்களில், ஒன்றியத்தின் தேவைக்கு ஈடுகொடுக்கும்படி அரசியலமைப்பைச் சரிசெய்யுங்கள் என்ற பொருளில்தான் வாசகம் இருக்கிறது. இது பரந்த அனுமதி. ஆகவே வரம்பு மீறல் என்பது பின்னால் கட்டிய கதை என்பது அவர் முடிவு.

பாதி சரி. பெரும்பாலான என்பது எல்லா ஆகாது. நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் காங்கிரஸின் குறுகிய வாசகத்தைத்தான் தந்தன. நியூயார்க்கின் ராபர்ட் யேட்ஸும் ஜான் லான்சிங்கும் எங்களுக்குத் தந்த அதிகாரம் இதற்கில்லை என்று ஜூலையில் கிளம்பிப் போனார்கள். டெலவேர் தன் ஆட்களிடம் ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற விதியில் கை வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தது. கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்ட ஆவணத்தில் பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படிதான் அமைந்தது. ஒரு மாநிலம் எழுதித் தந்த நிபந்தனையை மாநாட்டின் போக்கு தாண்டிப் போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று இதைத் தடுக்கச் சில மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. இந்தியானாவின் 2013 சட்டப்படி, வரம்பு மீறிப் போடும் வாக்கு செல்லாது; தெரிந்தே மீறுவது குற்றம். நல்லதுதான். ஆனால் சட்டமன்றம் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டால் இந்தச் சட்டம் என்ன செய்யும்?

சரி, அப்படியானால் பயம் நியாயமா? பெரும்பாலும் இல்லை என்பேன். காரணம் 1787 அல்ல, 38. மாநாடு என்ன எழுதினாலும் அது முன்மொழிவுதான். அதைத் தடுக்க 13 மாநிலங்கள் போதும். அந்தந்த மாநிலத்தில் ஒரே ஓர் அவை மறுத்தால்கூடப் போதும். ஒப்புதல் சட்டமன்றம் வழியாகவா, தனி ஒப்புதல் மாநாடு வழியாகவா என்பதைக் காங்கிரஸ் தீர்மானிக்கும் என்பது உண்மை. மதுவிலக்கை நீக்கிய 21-ஆவது திருத்தம் 1933-இல் மாநில மாநாடுகள் வழியாகத்தான் வந்தது. அங்கேயும் எண்ணிக்கை மாறவில்லை. 38 என்பதை மாநாடே மாற்றி எழுதிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1787-இல் அதைச் செய்தபோது பழைய காங்கிரஸே அந்த ஆவணத்தை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. இன்றைய காங்கிரஸும் நீதிமன்றங்களும் சேர்ந்து அதற்குத் தலையாட்டும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆனால் அதே 38...

ஃபாரிஸ் மேடைக்கு மேடை சொல்லும் ஆறுதல் இந்த 38-தான். பயப்படாதீர்கள், 38 மாநிலம் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. மிகச் சரி. அதே வாதத்தை அவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய், இல்லினாய், நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், மேரிலாந்து, டெலவேர். எண்ணினால் 13. எல்லாமே ஜனநாயகக் கட்சி சட்டமன்றங்கள். மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்கும் பழமைவாதத் திருத்தம் எதுவும் இந்தப் பட்டியலைத் தாண்டாது. மறுபக்கமும் இதே கதைதான். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் திருத்தத்துக்காகக் கலிஃபோர்னியா 2023-இல் மாநாடு கேட்டு விண்ணப்பித்தது. அதைத் தடுக்கும் 13 மாநிலங்களை யாரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

முன்மொழிவது யார் என்ற கேள்விக்கு இந்த இயக்கம் இத்தனை உழைப்பைப் போட்டிருக்கிறது. ஒப்புதல் தரப்போவது யார் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. இரண்டு வழியும் கடைசியில் ஒரே வாசலில்தான் வந்து நிற்கின்றன. மாநாட்டு வழியால் காங்கிரஸைச் சுற்றிக்கொண்டு போகலாம்; எதிர்க்கட்சியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

இதோடு யாரும் விடை சொல்லாத கேள்விகள் வேறு. மாநாட்டில் மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படியா? ஐந்தாவது பிரிவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் சம வாக்கு என்றால் கலிஃபோர்னியா சும்மா இருக்காது. இயக்கத்தார் மாநிலத்துக்கு ஒன்று என்பதுதான் மரபு என்கிறார்கள். 1861 பிப்ரவரியில், உள்நாட்டுப் போரைத் தடுக்க வர்ஜீனியா அழைத்த அமைதி மாநாட்டைக் காட்டுகிறார்கள். வாஷிங்டனில் வில்லர்ட் ஹோட்டலில் 21 மாநிலங்கள் கூடின. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் டைலர் தலைமை தாங்கினார். மாநிலத்துக்கு ஒரு வாக்கு. முன்னுதாரணமாக அது பரவாயில்லை. ஆனால் அது ஐந்தாவது பிரிவின்படி கூடியதல்ல. அதன் யோசனைகளைக் காங்கிரஸ் ஒதுக்கித் தள்ளியது, ஏப்ரலில் போர் வந்தது. மேடிசன் அன்றே குறித்துவைத்த சிக்கல்கள் அப்படியே இருக்கின்றன.

காங்கிரஸ் வழி: மெதுவானதா, மூடியதா?

காங்கிரஸ் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் விரும்பும் விஷயமாக இருந்தால் அது மின்னல் வேகத்தில் போகும்: வாக்குரிமை வயதை 18 ஆக்கிய 26-ஆவது திருத்தம் 1971-இல் சுமார் 100 நாளில் ஒப்புதல் பெற்றது. இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். 1972-இல் காங்கிரஸ் அனுப்பிய பெண்கள் சம உரிமைத் திருத்தத்துக்கு 38-ஆவதாக வர்ஜீனியா ஒப்புதல் தந்தது 2020-இல்; அதற்குள் கெடுவெல்லாம் முடிந்து, அது சட்டமா இல்லையா என்ற வழக்குதான் மிச்சம்.

செலவுக்கு வரம்பு கேட்பவர்கள் இந்த வழியில் எவ்வளவு கிட்டே போனார்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். வரவுக்கு மேல் செலவு கூடாது என்ற சமநிலை வரவுசெலவுத் திருத்தம் 1982-இல் செனட்டில் 69-க்கு 31 என்று தேறியது. பிரதிநிதிகள் சபையில் விழுந்தது. 1995-இல் பிரதிநிதிகள் சபையில் 300-க்கு 132 என்று தேறியது, செனட்டில் விழுந்தது. 1997-இல் செனட்டில் 66 வாக்கு, ஒன்று குறைவு. மூடிய கதவு இவ்வளவு தூரம் திறக்காது. அதே சமயம், 2024 கடைசியில் மத்திய அரசின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

விண்ணப்பம் என்ற அழுத்தம்

மாநாடு ஒரு தடவைகூடக் கூடவில்லை என்பதால் அந்த வாக்கியம் வீணாகப் போனது என்று நினைத்தால் தவறு. கூடாமலேயே அது வேலை செய்திருக்கிறது.

வர்ஜீனியாவும் நியூயார்க்கும் மாநாடு கேட்டு விண்ணப்பித்த நிலையில், 1789 ஜூனில் மேடிசன் உரிமைத் திருத்தங்களைக் காங்கிரஸில் கொண்டுவந்தார். இன்னொரு மாநாட்டைத் தவிர்ப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. நூறு ஆண்டு கழித்து செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பிரதிநிதிகள் சபை திரும்பத் திரும்ப நிறைவேற்றியது, செனட் அசையவில்லை. மாநில விண்ணப்பங்களின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியபோதுதான், 1911-இல், செனட் இறங்கி வந்தது. 1913-இல் 17-ஆவது திருத்தம் வந்தது. தங்கள் பதவியைப் பற்றிய திருத்தத்தைத் தாங்களே எழுதிக்கொண்டால் வாசகமாவது தங்கள் கையில் இருக்கும் என்று செனட்டர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

எப்போதும் இப்படி நடக்காது. சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்ற 1964 தீர்ப்பை மாற்ற செனட்டர் எவரெட் டர்க்சன் முயன்றபோது விண்ணப்பங்கள் 33 வரை வந்தன; 1969-இல் அவர் இறந்தார், முயற்சியும் கரைந்தது. சமநிலை வரவுசெலவுக்கு 1983-க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பித்தன. அப்புறம் 1988-இல் அலபாமாவும் ஃப்ளோரிடாவும் திரும்பப் பெற்றன, மற்றவை பின்தொடர்ந்தன. ஆனாலும் அந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1985-இல், பற்றாக்குறையைக் குறைக்கும் கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டத்தைக் காங்கிரஸ் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் எனக்குத் தெரிவது ஒன்று: வேலை செய்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையைக் குறிவைத்தவை, இரு பக்கத்து மாநிலங்களும் சேர்ந்தவை. காங்கிரஸ் எதைக் கொடுத்தால் இது நிற்கும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஃபாரிஸின் தீர்மானத்தில் இதுதான் இல்லை. மத்திய அரசின் அதிகாரத்துக்கும் ஆளுகைக்கும் வரம்பு என்ற இரண்டாவது தலைப்புக்குள் எதைத்தான் அடக்க முடியாது? 2016 செப்டம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இயக்கமே ஓர் ஒத்திகை மாநாடு நடத்தியது. 50 மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் நிறைவேற்றியவற்றில் காங்கிரஸுக்கு 12 ஆண்டு வரம்பு ஒன்று. இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் வருமான வரிக்கு அடிப்படையான 16-ஆவது திருத்தத்தை நீக்குவது இன்னொன்று. மாநிலங்களில் ஐந்தில் மூன்று பங்கு சேர்ந்தால் எந்த மத்தியச் சட்டத்தையும் ரத்து செய்யலாம் என்பது மற்றொன்று. மூன்றாவதை யோசித்துப் பாருங்கள்: மக்கள்தொகையில் சிறியவையான 30 மாநிலங்கள், நாட்டு மக்களில் பாதிக்கும் குறைவானவர்களின் பெயரில், காங்கிரஸ் போட்ட சட்டத்தை அழித்துவிடலாம். இதெல்லாம் வரம்புக்கு உட்பட்ட மாநாட்டின் வரம்புக்குள் வந்தவை என்பதுதான் விஷயம். கட்டவிழ்ந்து ஓட வேண்டிய அவசியமே இல்லை. தீர்மானம் அவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது.

இடதுசாரித் தரப்பிலும் மாநாட்டு ஆதரவாளர்கள் உண்டு. ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் தேர்தலில் புழங்கும் பணத்தைக் கட்டுப்படுத்த இந்த வழியைப் பேசினார். 2011-இல் ஹார்வர்டில் மெக்லரின் அமைப்போடு சேர்ந்தே ஒரு கருத்தரங்கும் நடத்தினார். வெர்மான்ட், கலிஃபோர்னியா, இல்லினாய் 2014-இல் அதற்காக விண்ணப்பித்தன. பிறகு மாநாட்டின் மேலான பயம் அந்தப் பக்கத்தைப் பிடித்தது. 2016-இல் டெலவேர், 2017-இல் மேரிலாந்து, நியூ மெக்சிகோ, நெவாடா எனப் பல மாநிலங்கள் பழைய விண்ணப்பங்களை மொத்தமாகத் திரும்பப் பெற்றன. ஃபாரிஸுக்கு இழப்பு இதில்தான். இரு பக்கமும் சேர்ந்து நின்றிருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது. அகலமான தீர்மானம் எதிர்ப்பக்கத்தைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டது.

திருத்தமே இல்லாமல்

இன்னொரு வழியும் இருக்கிறது: அரசியலமைப்பைத் தொடாமல் காரியத்தைப் பார்ப்பது. மத்திய நிர்வாக அமைப்புகளின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஃபாரிஸ் தரப்பின் நெடுநாள் குறை. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு அமைப்பின் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் வழிவிட வேண்டும் என்ற 1984 செவ்ரான் வழக்கின் கோட்பாட்டைக் கைவிட்டது. 34 மாநிலமும் வேண்டியிருக்கவில்லை, 38-ம் வேண்டியிருக்கவில்லை. மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தேசிய அளவில் அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் (குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் வாக்குகள்) என்ற ஒப்பந்தம் 2024 நிலவரப்படி 209 வாக்குகளைச் சேர்த்திருந்தது. 270 வந்தால் அமலாகும். இந்த வழிகளின் பலவீனம் நிலையாமை. நீதிமன்றம் தந்ததை இன்னொரு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பதவிக்கால வரம்புக்கோ இந்த வழி 1995-லேயே அடைக்கப்பட்டுவிட்டது.

தனி மனிதர் ஒருவரின் பிடிவாதம் என்ற வழியையும் சொல்லாமல் விட மனமில்லை. 1982-இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், காங்கிரஸ் சம்பளம் பற்றி 1789-இல் அனுப்பப்பட்டு அரைகுறையாகக் கிடந்த திருத்தத்துக்குக் கெடுவே இல்லை, இன்றும் ஒப்புதல் தரலாம் என்று கட்டுரை எழுதினார். சி மதிப்பெண் போட்டார்கள். மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1992-இல் அது 27-ஆவது திருத்தம் ஆனது. 2017-இல் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை ஏ என்று திருத்தியது. ஆனால் அவருக்குக் கிடைத்தது காங்கிரஸ் ஏற்கெனவே தாண்டிவிட்ட முதல் வேலி. அது எல்லோருக்கும் வாய்க்காது.

யாருக்கு எது

மீண்டும் அந்தச் சட்டமன்ற உறுப்பினரிடம் வருவோம். உங்களுக்கு வேண்டியது பதவிக்கால வரம்பு என்றால், மாநாட்டு விண்ணப்பம்தான் சரியான கருவி. சாதாரணச் சட்டத்தால் முடியாது, நீதிமன்றம் தடுத்துவிட்டது, காங்கிரஸ் தானாகச் செய்யாது, மக்கள் ஆதரவு இரு கட்சியிலும் இருக்கிறது, ஆகவே 38 கனவல்ல. ஆனால் அதை மட்டும் கேட்கும் தனித் தீர்மானமாக இருக்க வேண்டும். ஃப்ளோரிடா 2016-இல் அப்படி ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது. அந்த எண்ணிக்கை ஏறினால், 1911-இல் செனட் செய்ததைக் காங்கிரஸ் மீண்டும் செய்யும் வாய்ப்பு உண்டு.

செலவுக் கட்டுப்பாடு என்றால் எனக்குச் சந்தேகம். பொருளாதாரம் சரியும்போது வரி வருமானம் குறையும், உதவித்தொகைச் செலவு ஏறும். அந்த நேரத்தில் சமநிலை கட்டாயம் என்றால் சரிவு இன்னும் ஆழமாகும். எந்த வாசகம் இதற்கு விலக்கு தரும், அந்த விலக்கே பெரிய ஓட்டையாக மாறாதா என்பதைக் காங்கிரஸ் குழுவில் மாதக்கணக்கில் சண்டை போட்டு முடிவு செய்வது, விதிமுறையே இல்லாத ஒரு மாநாட்டில் செய்வதைவிட மேல். 66 வாக்கு வரை போன வழி அது.

மத்திய அரசின் அதிகார வரம்புதான் உங்கள் உண்மையான குறி என்றால், நீதிமன்றத்துக்குப் போங்கள், தேர்தலுக்குப் போங்கள். அந்த 13 மாநிலங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எதில் எந்த அவை மனம் மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குழுவில் மூன்று தலைப்புத் தீர்மானம் வந்தால் எதிர்த்து வாக்களிப்பேன். பதவிக்கால வரம்பை மட்டும் வைத்துத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பேன். அதில் ஒரு காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். 2022-இல் டெக்சஸைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜோடி ஆரிங்டன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: சமநிலை வரவுசெலவு விண்ணப்பங்களோடு, தலைப்பே குறிப்பிடாத பழைய விண்ணப்பங்களையும் சேர்த்தால் 34 என்ற எண்ணிக்கை 1979-லேயே வந்துவிட்டது, காங்கிரஸ்தான் எண்ணத் தவறிவிட்டது என்று. அந்த வகைக் கணக்கில் நியூயார்க்கின் 1789 விண்ணப்பத்தைக்கூடச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழோ பத்தோ ஆண்டில் காலாவதியாகும் என்று எழுதித் தந்தால் என் வாக்கு உண்டு. இல்லையென்றால் ஒரு தலைப்பானாலும் இல்லை.